வாத்தியார்களுக்குப் பாடம் எடுக்கப் போகும் மருமகனுக்கு

அன்புள்ள கதிர்,

உன் கடிதம் கிடைத்தது. நாலு வரியில் நலம் விசாரித்துவிட்டு ஐந்தாவது வரியில் காரியத்துக்கு வந்துவிட்டாய். அப்படியே உங்கப்பன். கோடை விடுமுறையில் உங்கள் பல்கலைக்கழகத்தில் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்குக் கணக்குப் பயிலரங்கு நடத்துகிறார்கள், அதில் உன்னையும் சேர்த்துவிட்டார்கள், "என்ன சொல்லிக்கொடுக்கலாம் அத்தை? எண் கோட்பாட்டில் ஐந்து லெக்சர் தயார் பண்ணியிருக்கிறேன்" என்கிறாய். போதாக்குறைக்கு ஒரு பின்குறிப்பு: "பயிலரங்கின் தலைப்பில் சமத்துவம் என்று போட்டிருக்கிறார்கள். கணக்கில் என்ன சமத்துவம்? ரெண்டும் ரெண்டும் எல்லாருக்கும் நாலுதானே?"

முதலில் அந்த ஐந்து லெக்சரையும் ஒரு ஃபைலில் போட்டு மூடி வை. உன் வாத்தியார் கேட்டால் அத்தை சொன்னாள் என்று சொல்.

கோபப்படாதே. உன் கணக்கைக் குறை சொல்லவில்லை. ஆனால் நானும் பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்தவள். மேடையில் பெரிய மனிதர் ஒருவர் ஸ்லைடு மேல் ஸ்லைடாகப் போடுவார். நாங்கள் வடையும் டீயும் எப்போது வரும் என்று கடிகாரத்தைப் பார்ப்போம். சாயங்காலம் கையெழுத்துப் போட்டுவிட்டு, மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போய் எப்போதும் போலப் பாடம் நடத்துவோம். சோம்பேறித்தனம் என்று நினைக்காதே. அவர் பேசியதில் மறுநாள் காலை ஒன்பதரைக்கு எங்கள் முன்னால் உட்காரப்போகிற பிள்ளை இல்லவே இல்லை.

உனக்கு ஒரு வேடிக்கை தெரியுமா? நீ கேட்கிற கேள்விக்கு உலகத்திலேயே நல்ல விடைகளில் ஒன்று நீ இருக்கும் ஊரிலேயே கிடைத்தது. உன் கட்டடத்திலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் கல்வியியல் துறை. உங்கள் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கார்ப்பென்டர், எலிசபெத் ஃபெனமா என்று இரண்டு பேர் இருந்தார்கள். கணக்குப் பிரிவுக்காரர்கள் கல்வித் துறைப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை என்பது எல்லா ஊரிலும் உள்ள கதைதான், நீ மட்டும் விதிவிலக்கா என்ன?

அவர்கள் ஆரம்பித்த இடம் மிகச் சின்னது. மூன்று கணக்கு சொல்கிறேன், மனதுக்குள் போடு. உன்னிடம் 13 மிட்டாய், 5-ஐத் தின்றுவிட்டாய், மீதி எத்தனை? உன்னிடம் 5 மிட்டாய், 13 ஆக்க இன்னும் எத்தனை வேண்டும்? உன்னிடம் 13, தங்கையிடம் 5, உன்னிடம் எத்தனை அதிகம்? "மூன்றும் ஒன்றுதானே அத்தை, பதிமூன்றில் ஐந்து போக எட்டு" என்பாய். உனக்கு ஒன்றுதான். ஆறு வயதுப் பிள்ளைக்கு மூன்றும் வேறு வேறு. முதல் கணக்குக்கு அது 13 புளியங்கொட்டையை எடுத்து வைத்து ஐந்தைத் தள்ளிவிட்டு மீதியை எண்ணும். இரண்டாவதற்கு எதையும் தள்ளாது. ஐந்தை வைத்துக்கொண்டு, 13 வரும்வரை மேலே சேர்த்துக்கொண்டே போய், சேர்த்ததை மட்டும் தனியாக எண்ணும். மூன்றாவதற்கு இரண்டு வரிசையாக அடுக்கி, ஜோடி சேராமல் நிற்பதை எண்ணும். கதையில் என்ன நடக்கிறதோ அதையே கொட்டையும் செய்கிறது. கொஞ்ச நாளில் கொட்டை போய்விடும், "ஆறு, ஏழு, எட்டு..." என்று விரலில் வரும். அப்புறம் "ஐந்தும் ஐந்தும் பத்து, இன்னும் மூன்று, ஆக எட்டு" என்று விரலும் போய்விடும். இந்தப் பாதையை யாரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை. அவர்களாகவே நடக்கிறார்கள்.

கழித்தல் பாடம் தொடங்குவதற்கு முன்பே பிள்ளை கழிக்கிறது, பார்த்தாயா? டீச்சருக்கு அது தெரியாவிட்டால், பிள்ளை விரலை விடும்போது "விரல் விட்டு எண்ணாதே" என்று அதட்டுவாள். தெரிந்தால், "எப்படிப் போட்டாய், சொல்லு" என்று கேட்பாள்.

1986 கோடையில் கார்ப்பென்டரும் ஃபெனமாவும் உளவியல் ஆய்வாளர் பெனலோபி பீட்டர்சனும் சேர்ந்து ஒரு காரியம் செய்தார்கள். முதல் வகுப்பு ஆசிரியர்கள் 40 பேர். குலுக்கிப் போட்டு இருபது இருபதாகப் பிரித்தார்கள். ஒரு இருபது பேருக்கு நாலு வாரப் பயிலரங்கு. என்ன கற்றுக்கொடுத்தார்கள் என்று நினைக்கிறாய்? பாடத்திட்டம் தரவில்லை, பயிற்சித் தாள் தரவில்லை, இப்படித்தான் நடத்த வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிள்ளைகள் கணக்குப் போடும் வீடியோக்களைப் போட்டுக் காட்டி, மேலே சொன்ன வேறுபாடுகளை விளக்கி, "இது தெரிந்த பிறகு உங்கள் வகுப்பில் என்ன செய்வீர்கள் என்று நீங்களே யோசியுங்கள்" என்று விட்டுவிட்டார்கள்.

"அத்தை, இது சுத்த அலட்சியம், ஆசிரியருக்குக் கையில் ஏதாவது கொடுத்தனுப்ப வேண்டாமா?" என்று நீ துள்ளுவது இங்கே வரை கேட்கிறது. கொடுத்தனுப்பினார்களே, பிள்ளையைப் பற்றிய அறிவை! வருட முடிவில் போய்ப் பார்த்தால், அந்த இருபது வகுப்புகளில் வாய்பாடு மாதிரியான பயிற்சிக்குக் குறைந்த நேரமும் கதைக் கணக்குகளுக்குக் கூடுதல் நேரமும் போயிருந்தது. அப்படியிருந்தும் கூட்டல் கழித்தல் மனப்பாடத்திலேயே அந்தப் பிள்ளைகள் மற்ற வகுப்புப் பிள்ளைகளை முந்தியிருந்தார்கள். கதைக் கணக்கிலும் முன்னே, தன்னால் முடியும் என்ற தைரியத்திலும் முன்னே. 1989-ல் இதை வெளியிட்டார்கள். பிறகு பாலர் வகுப்புப் பிள்ளைகள் 70 பேரைச் சோதித்தார்கள். 19 பிள்ளைகள் மினி பஸ்ஸில் மிருகக்காட்சிசாலை போகிறார்கள், ஏழு இருக்கை, இருக்கைக்கு இரண்டு பேரோ மூன்று பேரோ, மூன்று மூன்றாக உட்காருவது எத்தனை பேர், இரண்டிரண்டாக எத்தனை பேர்? எழுதப் படிக்கத் தெரியாத வயதில் ஏறக்குறைய பாதிப் பேர் இதைச் சரியாகப் போட்டார்கள். நீ பேனாவை எடுத்து எக்ஸ், ஒய் எழுதுவாய் என்று பந்தயம் கட்டுகிறேன்.

சரி, உன் "ரெண்டும் ரெண்டும் நாலு"க்கு வருகிறேன். விடை எல்லாருக்கும் நாலுதான், அதில் தகராறே இல்லை. யாருடைய விடையை நின்று கேட்கிறோம், யாருடையதைக் கேட்காமலே கடந்து போகிறோம் என்பதில்தான் தகராறு.

நீ செய்யப்போகிற முதல் தப்பு என்ன தெரியுமா? ஏழைப் பேட்டைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் வந்து "என் வகுப்பில் முடியாது, பிள்ளைகளுக்கு அடிப்படையே இல்லை" என்பார். நீ தலையாட்டி, "அப்படியானால் சுலபமான கணக்காகக் கொடுங்கள்" என்பாய். வாயைத் திறக்கும் முன் மில்வாக்கியை நினைத்துக்கொள். அதே விஸ்கான்சின் மாநிலம்தான். சிறுபான்மையினப் பிள்ளைகள் பெருவாரியாகப் படித்த பள்ளிகளில் முதல் வகுப்பு ஆசிரியர்களோடு வேறு ஆய்வாளர்கள் இதே முறையைச் செய்து பார்த்து 1993-ல் வெளியிட்டார்கள். அங்கேயும் பயிற்சி பெற்ற ஆசிரியர்களின் பிள்ளைகள் தெளிவாக முன்னே வந்தார்கள். அடிப்படை இல்லை என்று நாம் சொல்லும் இடத்தில் அடிப்படை இருந்திருக்கிறது. கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இதே பாடத்தைக் கல்லூரி மட்டத்தில் ஒருவர் படித்தார். அவரும் அப்போது உன்னைப் போல ஆராய்ச்சி மாணவர்தான், யூரி ட்ரைஸ்மன், பெர்க்லியில். கறுப்பின மாணவர்கள் கால்குலஸில் ஏன் தோற்கிறார்கள் என்று பேராசிரியர்களைக் கேட்டார். ஊக்கம் போதாது, அடித்தளம் போதாது, வீட்டில் ஆதரவு இல்லை, வறுமை என்று நாலு காரணம் வந்தது. மனிதர் நம்பிவிட்டுப் போகாமல் கறுப்பின மாணவர்கள் 20 பேர், சீன வம்சாவளி மாணவர்கள் 20 பேரின் பின்னாலேயே ஒன்றரை வருடம் அலைந்தார். அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று பார்த்தார். நாலு காரணமும் பொய்த்துப்போயின. கறுப்பின மாணவர்கள் சொன்னபடி உழைத்தார்கள், ஆனால் தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டு. சீன மாணவர்கள் ராத்திரி ஒன்றுகூடி ஒருவர் தப்பை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அதன்பின் 1978-ல் ட்ரைஸ்மன் ஒரு கூட்டுப் பயிற்சி தொடங்கினார். அதில் சுலபக் கணக்கு கிடையாது, வகுப்பில் வருவதைவிடக் கடினமானவை. சேர்ந்து உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டார்கள், மதிப்பெண்ணும் ஏறியது. இரக்கப்பட்டு எளிதாக்குவது எவ்வளவு பெரிய அவமரியாதை என்று எங்கள் காலத்தில் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. உனக்குச் சொல்ல நான் இருக்கிறேன்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கொஞ்சம் ஜாக்கிரதை. ஃபெனமா அதற்கு முன்பே, 1970-களிலிருந்தே, பெண்களும் கணக்கும் பற்றித்தான் ஆராய்ந்தவர். அவரும் குழுவினரும் தங்கள் முறையில் பயிற்சி பெற்ற ஆசிரியர்களின் வகுப்புகளிலேயே முதல் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்புவரை பிள்ளைகளைத் தொடர்ந்து போனார்கள். சரியான விடை எண்ணிக்கையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் பையன்கள் தாங்களாகச் சொந்த வழி கண்டுபிடித்துப் போட்டார்கள், பெண் பிள்ளைகள் டீச்சர் சொன்ன வழியையோ எண்ணுவதையோ பிடித்துக்கொண்டார்கள். மூன்றாம் வகுப்பில் கணக்கைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டபோது அந்த வித்தியாசம் வெளியே வந்தது. முன்பே சொந்த வழியில் பழகிய பிள்ளைகள், பெண்களும் சரி பையன்களும் சரி, அதை நன்றாகவே போட்டார்கள். இதை 1998-ல் அவர்களே எழுதினார்கள், மறைக்கவில்லை. இத்தனை நல்ல வகுப்பிலும் இப்படி நடந்ததென்றால், மற்ற வகுப்புகளை நீயே யோசித்துக்கொள். "அழகாக, சுத்தமாகப் போட்டிருக்கிறாள்" என்று பெண் பிள்ளையை மெச்சி அனுப்பும் டீச்சர், அவளை எப்படி யோசித்தாய் என்று கேட்காமலே அனுப்பிவிடுகிறாள். நானே எத்தனையோ நோட்டில் "சுத்தமான கையெழுத்து" என்று எழுதித் தந்திருக்கிறேன்.

இப்போது உனக்குச் சந்தேகம் வரும்: "அப்படியென்றால் கணக்குத் துறைக்காரனுக்கு அங்கே என்ன வேலை?" நல்ல கேள்வி. ஹைமன் பாஸ் என்ற பெயர் உனக்குத் தெரியாமல் இருக்காது, கே-தியரி புத்தகங்களில் வருவாரே, அமெரிக்கக் கணிதச் சங்கத் தலைவராக இருந்தாரே, அவர்தான். அந்தப் பெரிய அல்ஜீப்ரா ஆள், மிச்சிகனில் டெபோரா பாலோடு சேர்ந்து மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பால் ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்து பேராசிரியையானவர். 1990 ஜனவரியில் அவர் வகுப்பில் ஒரு பையன் "ஆறு இரட்டைப்படையாகவும் இருக்கும், ஒற்றைப்படையாகவும் இருக்கும்" என்றான். நீயாக இருந்தால் "தப்பு, உட்கார்" என்றிருப்பாய். அவர் உட்காரச் சொல்லவில்லை. ஆறில் மூன்று இரண்டுகள் இருக்கின்றன, மூன்று ஒற்றைப்படை, அதனால்தான் சொல்கிறேன் என்று விளக்கினான். ஒரு பெண் எழுந்து, "அப்படியென்றால் பத்தும் அப்படித்தானே?" என்று மடக்கப் பார்த்தாள். "ஆமாம், நன்றி, அதை நான் யோசிக்கவில்லை" என்கிற மாதிரி அவன் ஏற்றுக்கொண்டான். 2, 6, 10, 14 என்று பட்டியல் நீண்டது. வகுப்பு அந்த எண்களுக்கு அவன் பெயரையே வைத்துவிட்டது.

நான்கால் வகுத்தால் மீதி இரண்டு வரும் எண்கள், அவ்வளவுதானே என்று நீ மனதுக்குள் சொல்கிறாய். உன் வேலை அங்கேதான் இருக்கிறது, கண்ணா. ஒன்பது வயதுப் பையன் உளறுகிறான் என்று எல்லாரும் நினைக்கும்போது, "இவன் சொல்வதில் நிஜமாகவே ஒரு கணக்கு இருக்கிறது" என்று ஆசிரியருக்கு அடையாளம் காட்டக் கணக்குப் படித்தவன் வேண்டும். நீ மேடையில் ஏறிப் பேசுவதைவிட, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் பையன் சொன்னதைக் கேட்பது பத்து மடங்கு கஷ்டம்.

நம்பவில்லையா? ஒரு சோதனை. ஒன்றே முக்காலை அரையால் வகுக்கும்படி ஒரு கதை சொல், இப்போதே. ஒன்றே முக்கால் சப்பாத்தியை இரண்டு பேருக்குப் பகிர்ந்தோம் என்று ஆரம்பித்தாயா? மாட்டிக்கொண்டாய், அது இரண்டால் வகுப்பது. ஒன்றே முக்கால் லிட்டர் பாலை அரை லிட்டர் பாட்டில்களில் ஊற்றினால் எத்தனை பாட்டில் என்று கேட்டிருந்தால் மூன்றரை என்று வந்திருக்கும். லிபிங் மா என்ற பெண்மணி இந்தக் கேள்விக்கு 23 அமெரிக்க ஆசிரியர்களும் 72 சீன ஆசிரியர்களும் சொன்ன பதில்களை ஒப்பிட்டு 1999-ல் புத்தகம் போட்டார். அமெரிக்கர்களில் கணக்கை முழுதாகச் சரியாக முடித்தவர்களே பாதிக்கும் குறைவு, சரியான கதை சொன்னவர் ஒரே ஒருவர். சீனர்கள் அனைவரும் கணக்கைப் போட்டார்கள், பெரும்பாலோர் சரியான கதையும் சொன்னார்கள். அந்தச் சீன ஆசிரியர்கள் உன்னைப்போல் பட்டம் மேல் பட்டம் வாங்கியவர்கள் இல்லை, பலர் பள்ளிப் படிப்புக்குப் பின் ஆசிரியர் பயிற்சி மட்டும் முடித்தவர்கள். பள்ளிக்கூடக் கணக்கைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்கத் தெரிந்தவர்கள். அதனால் உன் பட்டத்தைப் பார்த்து பயிலரங்குக்கு வரும் ஆசிரியர்கள் மிரள வேண்டாம், நீயும் அதைக் காட்டி மிரட்டாதே.

டெபோரா பால் ஒரு வழக்கத்தை வைத்திருந்ததாகப் படித்திருக்கிறேன். கோடையில் ஐந்தாம் வகுப்புக்குப் போகப்போகும் பிள்ளைகளுக்கு, ஆசிரியர்கள் சுற்றி உட்கார்ந்து பார்க்க, அவரே பாடம் நடத்துவார். அங்கே எடுத்த ஒரு துண்டு வீடியோவை 2018-ல் கல்வி ஆராய்ச்சியாளர்களின் பெரிய மாநாட்டில் போட்டுக் காட்டினார். ஒன்றரை நிமிடம்கூட இல்லை. எண்கோட்டில் ஒரு புள்ளிக்கு ஒரு கறுப்பினச் சிறுமி ஏழில் ஒன்று என்று எழுதுகிறாள். மூன்றில் ஒன்று என்பதுதான் சரி. இன்னொரு கறுப்பினச் சிறுமி விளையாட்டாகச் சிரித்தபடி, "ஏன் ஏழில் ஒன்று என்று போட்டாய்?" என்று கேட்கிறாள். அவசரக்காரர் ஒருவர் பார்த்தால் ஒருத்தி மக்கு, ஒருத்தி வாயாடி. பால் அந்த ஒன்றரை நிமிடத்துக்குள் ஆசிரியர் முடிவெடுக்க வேண்டியிருந்த இருபது கணங்களை எண்ணிக் காட்டினார். முதல் சிறுமி, பின்னம் என்றால் சமபாகம் என்று தான் கற்றதைக் கடைப்பிடித்துத்தான் அங்கே வந்தாள், எதை முழுசு என்று எடுப்பதில்தான் தடுமாறினாள். இரண்டாமவள் வகுப்பிலேயே மிக அவசியமான கேள்வியைக் கேட்டாள். அதட்டி உட்கார வைப்பதும், முழு வகுப்புக்கும் எடுத்துச் சொல்வதும் ஆசிரியரின் கையில் இருந்தது, சட்டத்தில் இல்லை, பாடப்புத்தகத்தில் இல்லை. யார் மக்கு, யார் வாயாடி என்ற முத்திரையைப் பள்ளிக்கூடத்துக்கு வெளியே இருக்கும் உலகம் அந்த இரண்டு பிள்ளைகளின் நெற்றியில் முன்பே குத்திவிட்டது. இருபது கணத்தில் ஒவ்வொன்றிலும் அதை அழிக்கலாம், அழுத்தியும் விடலாம். உன் பின்குறிப்புக்கு விடை இதுதான்.

ஆக, பயிலரங்கை எப்படி நடத்துவது என்று கேட்டாய். முதல் நாளே ஆசிரியர்களை வகுப்பு ரெக்கார்டிங்கோ பிள்ளைகள் எழுதிய தாள்களோ கொண்டுவரச் சொல். பெயர்களை மறைத்துவிட்டுக் கொண்டுவரட்டும். ஒரு தாளை எடுத்து, "சரியா தப்பா" என்று கேட்காமல் "இந்தப் பிள்ளை என்ன நினைத்திருக்கும்" என்று மட்டும் கேள். அரைமணி நேரம் ஓடும். யாராவது "இவனுக்கு வராது சார்" என்றால், கோபப்பட்டு லெக்சர் அடிக்காதே, "அவன் என்ன செய்தான், வரிசையாகச் சொல்லுங்கள்" என்று கேள், போதும். அப்புறம் உன் எண் கோட்பாட்டை உள்ளே கொண்டுவர உனக்கே வழி கிடைக்கும், அந்த 2, 6, 10 மாதிரி. பெரியவர்களையும் பிள்ளைகள் போடும் கணக்கைப் பிள்ளைகள் மாதிரியே கொட்டை வைத்துப் போட வை. வெட்கப்பட்டுச் சிரிப்பார்கள், பரவாயில்லை. ஊதியம் இல்லாமல் கோடையில் வரச் சொல்லியிருந்தால் மட்டும் உங்கள் துறைத் தலைவரிடம் சண்டை போடு, அந்த விஷயத்தில் அத்தை உன் பக்கம்.

நாலு வாரமோ நாலு நாளோ, பயிலரங்கோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைக்காதே. விஸ்கான்சின்காரர்கள் பயிற்சி முடிந்து நான்கு வருடம் கழித்து 22 ஆசிரியர்களைத் தேடிப் போனார்கள். எல்லாரும் கொஞ்சமாவது தொடர்ந்துகொண்டிருந்தார்கள், பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் அதற்கு மேலும் வளர்ந்துகொண்டிருந்தார்கள். வளர்ந்தவர்கள் தங்கள் பிள்ளைகளின் யோசனையைத் தாங்களே தோண்டிக் கற்றுக்கொண்டிருந்தவர்கள், அதைப் பேச உடன் ஆள் வைத்திருந்தவர்கள். அந்த "உடன் ஆள்" நீயாக இருக்கலாம். அதனால் செப்டம்பரில் பள்ளி திறந்ததும் உன் தேதிக் குறிப்பில் மாதம் ஒரு நாள் எழுதிக்கொள். பயிலரங்குக்கு வந்த ஆசிரியர் ஒருவரின் வகுப்புக்குப் போய்ப் பின் பெஞ்சில் உட்கார். முன்னால் போய் நிற்காதே, உன்னைத் தெரியும். "தீசிஸ் எழுத வேண்டும், கைடு திட்டுவார்" என்று சாக்கு வரும். மாதம் ஒரு காலைப் பொழுதில் உன் தீசிஸ் ஓடிப் போய்விடாது. போவதற்கு முன்னால் அந்த ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள், உன் இஷ்டத்துக்குப் போய் நிற்காதே.

அப்பாவிடம் இந்தக் கடிதத்தைக் காட்டாதே, எனக்கு மட்டும் இவ்வளவு பெரிய கடிதம் எழுதமாட்டாளே என்பான்.

அன்புடன்,
அத்தை